ஆசாரி வேலையும் கரண்டு வேலையும்

அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ பத்துப் பதினைந்து பாம்பு வளர்ப்பவர் வீட்டுக்குள் நுழைந்தால், கண்ணாடித் தொட்டிகளை எதிர்பார்த்துப் போனவருக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கும். அங்கே நிற்பது பெரும்பாலும் ஓர் அலமாரி. தட்டுக்குத் தட்டு பிளாஸ்டிக் டப்பாக்கள், பீரோவின் இழுப்பறைகள்போல. டப்பாவுக்கு மூடி கிடையாது. மேல்தட்டின் அடிப்பக்கம்தான் மூடி. ஒரு டப்பாவுக்கு ஒரு பாம்பு. டப்பாவின் பின்பகுதிக்கு அடியில் விரலிடைத் தடிமன்கூட இல்லாத ஒரு சூட்டுப் பட்டை ஓடும். அந்தப் பட்டை எவ்வளவு சுடுகிறது என்று பார்த்துக் கரண்டை விடுவதும் நிறுத்துவதும் தெர்மோஸ்டாட்டின் வேலை. இதற்கு ரேக் என்று பெயர். இதைக் கடையில் வாங்குவதா, பலகையும் திருகாணியும் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்வதா என்பது பாம்பு வளர்ப்பவர்களிடையே ஓயாத வாக்குவாதம். செய்பவர்கள் செலவுக் கணக்கைக் காட்டுகிறார்கள். வாங்குபவர்கள் பாதுகாப்பைச் சொல்கிறார்கள். இரு தரப்பும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: ரேக்கை ஒரே பொருளாக நினைக்கிறார்கள். அதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று ஆசாரி வேலை, இன்னொன்று கரண்டு வேலை. முதலாவதைக் கைப்பழக்கம் உள்ள யாரும் செய்துகொள்ளலாம். இரண்டாவதை வாங்கத்தான் வேண்டும்; வாங்கிய பிறகும் நம்பிவிடாமல் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இதைத் தமிழ்ப் பத்திரிகையில் எழுதுவானேன் என்று கேட்கலாம். பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் துணிப்பையில் சுருட்டிவைத்த பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் சிக்கிய செய்திகளைக் கடந்த சில ஆண்டுகளாகப் படித்துவருகிறோம். அவற்றில் அடிக்கடி வரும் பெயர் பால் பைத்தான். பால் என்றதும் நாகபஞ்சமி நினைவுக்கு வர வேண்டாம். இந்தப் பால் ஆங்கிலப் பந்து. மிரண்டால் தலையை நடுவில் வைத்து உடலைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும் பழக்கத்தால் வந்த பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து பல்லாண்டுகளாக ஏற்றுமதியாகிவரும் சிறிய மலைப்பாம்பு இது. வளர்ந்தது பெரும்பாலும் மூன்றடியிலிருந்து ஐந்தடிக்குள் நிற்கும். விஷமில்லை, சாது. 1990களில் அமெரிக்காவில் வெள்ளை, மஞ்சள் என்று நிறம் மாறிய குட்டிகளை இனப்பெருக்கம் செய்து விற்கும் தொழில் சூடுபிடித்தது. ஒரே அறையில் நூறு பாம்பு வைக்க வேண்டிய தேவையும் அதோடு வந்தது. அந்தத் தேவையால் பரவியதுதான் இன்றைய ரேக். ஆக, அது ஒரு தொழிற்கூடச் சாமான். பிறகுதான் வீட்டுக்கு வந்தது. இந்தப் பூர்விகத்தை மறந்துவிடாமல் இருப்பது நல்லது. கடைசியில் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பாம்புக்குத் தன் உடலில் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் வசதி நம்மைப்போல் இல்லை. வெளிச்சூட்டை வாங்கித்தான் அது இரையைச் செரிக்கிறது, நோயை எதிர்க்கிறது. பால் பைத்தானுக்கு டப்பாவின் ஒரு முனை 31, 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மறுமுனை 25, 26இல் நிற்க வேண்டும். எலியை விழுங்கிய பிறகு குளிரில் கிடந்தால் கக்கிவிடும். நாள்கணக்கில் குளிர்ந்தால் சளி கட்டி வாய் திறந்து மூச்சுவிடும். இந்த ஏழு டிகிரி இடைவெளிக்குள் ஒரு பிராணியை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதை வாங்குபவர்களில் பலர் யோசிப்பதில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது முப்பது ஆண்டு சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961இல் வந்த ஒரு பெண் பால் பைத்தான் 2020இல், அறுபது வயதைத் தாண்டிய நிலையில், ஆண் துணையில்லாமலே முட்டையிட்டு உலகச் செய்தியானது. எந்தத் தெர்மோஸ்டாட்டும் அறுபது ஆண்டு ஓடாது, முப்பது ஆண்டும் ஓடாது. பாம்பின் ஆயுளுக்குள் சூட்டுக் கருவி ஒருமுறையாவது கெடும் என்பது நிச்சயம். எனவே ரேக்கை எடைபோடும்போது அது நன்றாக ஓடும் நாளைப் பார்ப்பது போதாது. கெடும் நாளில் எப்படிக் கெடும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஆசாரி வேலை. இதில் உயிர்நாடி ஒரு சின்ன இடைவெளி. டப்பாவின் விளிம்புக்கும் மேல்தட்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் விடலாம். அதைவிடக் குறைந்தால் டப்பா உரசும், இழுக்கும்போது சிக்கும். கூடினால் பாம்பு போய்விடும். குட்டிப் பாம்புக்குப் பென்சில் நுழையும் சந்து போதும். தலை நுழைந்த இடத்தில் உடல் நுழைந்துவிடும். இரவெல்லாம் அது மூக்கால் அந்த விளிம்பைத்தான் தடவிக்கொண்டிருக்கும். இப்போது பலகையைப் பாருங்கள். மலிவாகக் கிடைப்பது மெலமைன் ஒட்டிய மரத்தூள் பலகை. இந்தப் பாம்புக்கு டப்பாவுக்குள் ஈரப்பதம் அறுபது விழுக்காடாவது வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை அது கவிழ்ப்பதும் உண்டு. அறுத்த ஓரத்தில் ஈரம் ஏறினால் அந்தப் பலகை ஊறி உப்பும், நடுவில் தொய்யும். ஜனவரியில் இரண்டு மில்லிமீட்டர் இருந்த சந்து டிசம்பரில் ஐந்தாகிவிடலாம். தொழிற்சாலை ரேக்குகள் பிவிசி பலகைக்கு மாறியதன் காரணம் இதுதான். வீட்டில் செய்பவர் பிவிசி வாங்கலாம். இல்லையென்றால் அறுத்த ஓரங்கள் அனைத்தையும் சீல் வைத்து, நீளத் தட்டுகளுக்கு நடுவில் தாங்கு கொடுக்கலாம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: டப்பாவை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் பலகையை அறுக்க வேண்டும். கடையில் அதே பெயரில் அடுத்த வருஷம் வரும் டப்பா அரை விரல் உயரம் மாறியிருக்கும். இவ்வளவும் அளவுகோலும் பொறுமையும் இருந்தால் முடிகிற காரியம். தப்பு நடந்தாலும் கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். அதனால்தான் பெட்டியைச் செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சூட்டின் கதை வேறு. அங்கே தப்பு கண்ணுக்குத் தெரியாது. தெர்மோஸ்டாட்டிலிருந்து ஒரு மெல்லிய கம்பி வந்து அதன் நுனியில் சென்சார் இருக்கும். அந்த நுனி பட்டையில் ஒட்டியிருக்கும்வரை எல்லாம் சரி. ஒட்டுநாடா காய்ந்து நுனி விழுந்துவிட்டது என்று வையுங்கள். சென்சார் இப்போது அறையின் காற்றை அளக்கிறது; காற்று 22 டிகிரி. தெர்மோஸ்டாட் தன் வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது: சூடு போதவில்லை, கரண்டை விடு. எவ்வளவு விட்டாலும் 22தான் காட்டும். விட்டுக்கொண்டே இருக்கும். கட்டுப்பாடில்லாத பட்டை 50 டிகிரியைத் தாண்டிவிடும். கருவிக்குள் கரண்டை விட்டு நிறுத்தும் ரிலேயின் முனைகள் தீப்பொறியில் உருகி ஒட்டிக்கொண்டாலும் இதே கதிதான். சென்சாரை டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுபவர்களும் உண்டு; பாம்பு அதை இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் அதோடு முடிந்தது. ஆறு தட்டுக்கு ஒரே சென்சார் வைத்தால் இன்னொரு கோளாறு. சூடு மேலே ஏறும். கீழ்த்தட்டில் சென்சார் இருந்தால் கீழே 31 காட்டும்போது மேல்தட்டு அதைத் தாண்டியிருக்கும். இவை எதுவும் சத்தம் போடாது, வாடையும் வராது.

சூடு கூடினால் பாம்பே நகர்ந்துகொள்ளாதா என்று கேட்பார்கள். நகர இடம் இருந்தால் நகரலாம். ரேக் டப்பா சிறியது. பின்முனை 50 ஆனால் முன்முனையும் குளிர்ச்சியாக இருக்காது. அதோடு, அடிவயிறு வெந்த பாம்புகள் கால்நடை மருத்துவர்களிடம் வருவது வாடிக்கையான விஷயம். சுடும் பரப்பின் மேலேயே பாம்பு படுத்துக் கிடப்பதை அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மாறாக, கரண்டு அடியோடு நின்றுபோனால்? 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கி லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் பாம்பைத் துணிப்பையில் போட்டு, மனிதர்கள் இருக்கும் அறையில், வெந்நீர்ப் புட்டியின் அருகே வைத்துச் சமாளிக்க அவகாசம் கிடைக்கும். வயிற்றில் இரை இல்லாத பாம்பு ஒரு நாள் குளிரைத் தாங்கும். ஒரு மணி நேர அதிகச் சூட்டைத் தாங்காது. சூட்டுக் கருவி அணைந்து கெட்டால் பிழைக்க வழி உண்டு. எரிந்து கெட்டால் இல்லை. என் வாதம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில்தான் நிற்கிறது. நல்ல தெர்மோஸ்டாட்டுக்கு நூறு டாலருக்கு மேல் கேட்பதில் பெரும்பங்கு இதற்குத்தான்: சென்சார் அறுந்தால் தானே கரண்டை வெட்டுவது, குறித்த அளவைத் தாண்டினால் கத்துவது, கரண்டைப் பட்டென்று விட்டு நிறுத்தாமல் கூட்டிக் குறைப்பது. வீட்டு மேசையில் இதைச் செய்துவிடலாம் என்று நினைப்பவர் மின்னணு படித்தவராகவே இருந்தாலும் சரி, அவர் செய்த கருவி எப்படிக் கெடும் என்பதை அவர் பாம்பின் மேல்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்.

அப்படியானால் முழு ரேக்கையும் வாங்கிவிடுவதுதானே என்பது அடுத்த கேள்வி. நியாயமாகத் தோன்றும். ஆனால் கடை ரேக்கின் விலைப்பட்டியலை அடிவரை படிக்க வேண்டும். பல ரேக்குகளில் சூட்டுப் பட்டை பொருத்தியிருக்கும், வயரும் தொங்கும். தெர்மோஸ்டாட் மட்டும் தனி விற்பனை. அதாவது தொழிற்சாலை உங்களுக்கு விற்பது ஆசாரி வேலையைத்தான். கரண்டு வேலையின் ஆபத்தான பாதி, சென்சாரை எங்கே ஒட்டுவது, எத்தனை டிகிரி வைப்பது என்பதெல்லாம், உங்கள் தலையிலேயே வந்து விழுகிறது. பெரிய விலை கொடுத்ததால் வந்த நிம்மதியில் அந்தப் பாதியைக் கவனிக்காமல் விடுபவர், தானே அறுத்துத் தானே பயந்து பயந்து சோதித்தவரைவிட ஆபத்தில் இருக்கிறார். அரசு முத்திரை ஏதேனும் காப்பாற்றுமா என்றால் அதுவும் இல்லை. அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டம் வெப்பரத்தப் பிராணிகளோடு நின்றுவிடுகிறது. பாம்பு அதன் கணக்கில் வராது. எந்த டப்பா போதும், எந்தச் சூடு சரி என்று அந்தச் சட்டத்தின் கீழ் யாரும் பார்த்துச் சான்று தருவதில்லை. வாங்கியவர் பெற்றது நேரான பலகையும் சரியான சந்தும். அவற்றுக்கு விலை உண்டு, மறுக்கவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் அதை விற்கக் கூடாது.

மறுபக்கத்திலிருந்து வரும் வாதம் இன்னும் கூர்மையானது. முந்நூறு நானூறு ரூபாய்க்கு டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் கிடைக்கிறது. அதன் சென்சாரும் டிகிரியைச் சரியாகத்தான் காட்டுகிறது. பின் எதற்குப் பத்தாயிரம்? காட்டுவது சரிதான். முட்டைக் குஞ்சு பொரிப்பான்களில் அவை நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் பணம் கொடுப்பது சரியாகக் காட்டும் 364 நாளுக்கு இல்லை, மீதி ஒரு நாளுக்கு. மலிவான கருவியை ஒதுக்கித் தள்ளவும் தேவையில்லை; அதற்கு வேறு உத்தியோகம் கொடுக்கலாம். முதல் தெர்மோஸ்டாட் 32இல் நிறுத்தட்டும். அதற்கு முன்னால், கரண்டு வரும் வழியிலேயே, தனிச் சென்சாரோடு இரண்டாவது கருவியை 36இல் வெட்டும்படி வையுங்கள். முதலாவது எரிந்து கெட்டாலும் இரண்டாவது வாசலில் நிற்கும். இரண்டும் ஒரே நாளில் ஒரே விதமாகக் கெடுவது அபூர்வம். பெட்டியைச் செய்து மிச்சம்பிடித்த பணத்தை இங்கே போடுபவர்தான் உண்மையில் கெட்டிக்காரர்.

நம் ஊருக்கு வந்தால் இந்த விவாதத்தின் முகமே மாறுகிறது. அமெரிக்கச் சூட்டுப் பட்டை அங்குள்ள 110, 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் பிளக்கில் வருவது 230. வோல்ட் இரட்டிப்பானால் சூடு இரட்டிப்பாகும் என்று நினைத்தால் தவறு, நான்கு மடங்காகும். பள்ளிக்கூடத்து ஓம் விதியே சொல்லும். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பட்டையை அப்படியே செருகினால் அது பாம்புக்கான சூடு இல்லை, வீட்டுக்கான தீ. இன்னொன்று, சென்னையின் ஜனவரி அதிகாலை 21 டிகிரியை ஒட்டி இருக்கும், மே மாதப் பகல் 37, 38ஐத் தொடும். வருஷத்தில் பெரும்பகுதி அறையே பாம்பு கேட்கும் சூட்டில் இருக்கிறது. கோடையில் அதைத் தாண்டுகிறது. பட்டையால் சூட்டைக் கூட்டத்தான் தெரியும், குறைக்கத் தெரியாது. பெர்லின் குளிருக்குப் பிறந்த அலமாரியைக் காற்றோட்டமில்லாமல் சென்னை மாடி அறையில் வைப்பவர் விலை கொடுத்து வெயிலை வாங்குகிறார். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பேச்சு வேறு.

ரேக் என்ற ஏற்பாடே கூடாது என்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவர்கள் பக்கம் சான்று இருக்கிறது. 2021இல் மியூனிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பால் பைத்தான்களை ரேக்கிலும் வசதியான கூண்டிலும் வைத்து நடத்தையை ஒப்பிட்டார்கள். கூண்டில் ஏறின, தோண்டின. ரேக்கில் இவற்றுக்கு வழியே இருக்கவில்லை. ரேக் இந்தப் பாம்புக்குத் தகுந்த இருப்பிடமல்ல என்பது அவர்கள் முடிவு. 2019இல் வந்த இன்னோர் ஆய்வில், கவனித்த பாம்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே உடலை நேராக நீட்டிக் கிடந்தன. சுருண்டு கிடப்பதுதான் பாம்பின் விருப்பம் என்ற பழைய சமாதானம் அதோடு ஆட்டம் கண்டது. வளர்ப்பவர்கள் சொல்லும் பதில், பால் பைத்தான் காட்டில் எலி வளையிலும் கறையான் புற்றிலும்தானே ஒடுங்குகிறது, டப்பாவும் ஒரு வளைதானே என்பது. பாதி உண்மை. புற்றுக்குள் போகும் பாம்பு இரவில் வெளியே வரும்.

சிறிய கலம் என்பதாலேயே அது கொடுமையாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்துக்காகப் பிடித்துவரும் நாகத்தையும் விரியனையும் வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் வைக்கிறது. இருட்டும் குளிர்ச்சியும் ஒடுக்கமும் அங்கே பாம்பை அமைதிப்படுத்துகின்றன. பட்டையும் தெர்மோஸ்டாட்டும் தேவைப்படவில்லை. ஆனால் சில வாரத்தில் விஷம் எடுத்த பிறகு அந்தப் பாம்பு காட்டுக்குத் திரும்பிவிடும். பானை தங்குமிடம். முப்பது ஆண்டு வாழ்க்கையைப் பானைக்குள் முடிக்கச் சொல்லவில்லை இருளர்கள். நோயுற்ற பாம்பைத் தனிமைப்படுத்த, குட்டிகளைச் சில மாதம் வளர்க்க ரேக் பொருத்தமானது. நூறு பாம்பு வைத்திருப்பவருக்கு வேறு வழியில்லை என்பது அவருடைய தொழில் நெருக்கடி, பாம்பின் தேவை இல்லை. ஒன்றோ இரண்டோ பாம்பு வைத்திருப்பவருக்கு அந்த நெருக்கடியும் கிடையாது. அவர் ரேக்கைச் செய்யவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்; பாம்பு முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்கும்படி ஒரு நல்ல கூண்டு போதும். ஜெர்மனியில் 1997 முதலே கூண்டின் அளவைப் பாம்பின் உடல் நீளத்தை வைத்துக் கணக்கிடும் வழிகாட்டுதல் இருக்கிறது. ஆசாரி வேலை, கரண்டு வேலை என்ற பாகுபாடு அந்தக் கூண்டுக்கும் அப்படியே பொருந்தும்.

பலகை வாங்கும் முன் பார்க்க வேண்டிய தாள் ஒன்றும் உண்டு. நம் காட்டு மலைப்பாம்பையோ சாரையையோ வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதில் விவாதத்துக்கு இடமில்லை. பால் பைத்தான் போன்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பதிவில்லாத பாம்புக்கு எவ்வளவு நல்ல ரேக் செய்தாலும் அது திருட்டுச் சாமானுக்குச் செய்த அலமாரிதான்.

இத்தனைக்கும் பிறகு ரேக் வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் வாங்கியதோ கையால் செய்ததோ, முடித்த அன்றே பாம்பை உள்ளே விடாதீர்கள். இரண்டு வாரம் வெறும் டப்பாக்களோடு ஓடட்டும். ஒவ்வொரு தட்டின் சூட்டையும் காலையிலும் நள்ளிரவிலும் தனி வெப்பமானியால் அளந்து எழுதிவையுங்கள். கடைசி நாளன்று, பக்கத்திலேயே இருந்துகொண்டு, முதல் தெர்மோஸ்டாட்டின் சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றி மேசைமேல் போடுங்கள். பட்டையின் சூடு எந்த எண்ணில் போய் நிற்கிறது என்று பாருங்கள். 40ஐத் தாண்டினால் கரண்டை நிறுத்திவிடுங்கள். உங்கள் ரேக் வேலை இன்னும் முடியவில்லை.